மலாக்கா நீரிணைக்கு நேரம் சொல்வது யார்?

2025 ஜூன் 17 அதிகாலையில் ஹோர்முஸ் நீரிணைக்கு அருகே ஃபிரண்ட் ஈகிள், அடலின் என்ற இரண்டு எண்ணெய்க் கப்பல்கள் மோதிக்கொண்டன. செலுத்தியவர்களின் தவறான கணிப்பே காரணம் என்றது ஐக்கிய அரபு அமீரகம். ஆனால் அதே நாட்களில் அந்தக் கடற்பகுதியில் நூற்றுக்கணக்கான கப்பல்களின் ஜிபிஎஸ் இருப்பிடம் குழம்பிக் கிடந்தது. இணைய வரைபடங்களில் சில கப்பல்கள் தரைமேல் நின்றன. அதற்கு ஒரு மாதம் முன்பு, மே 10 அன்று, ஜெட்டாவுக்கு அருகே செங்கடலில் எம்எஸ்சி அன்டோனியா என்ற கொள்கலன் கப்பல் தரைதட்டியபோதும் இதே சந்தேகம்தான் எழுந்தது.

பினாங்கிலும் கிள்ளானிலும் இருப்பவர்கள் இதை ஊர் தாண்டிய செய்தி என்று ஒதுக்கிவிட முடியாது. நம் வாசலில் ஓடும் மலாக்கா நீரிணையை ஆண்டுக்கு 80,000-க்கும் மேற்பட்ட கப்பல்கள் கடக்கின்றன. சிங்கப்பூர்ப் பக்கம் அதன் கப்பல் பாதை 3 கிலோமீட்டருக்கும் குறைவாக ஒடுங்குகிறது. வானில் இருக்கும் செயற்கைக்கோளின் அலை குழம்பினால் கடலில் போகும் கப்பல் ஏன் தடுமாற வேண்டும்? அதே குழப்பம் கைபேசிக் கோபுரத்தையும் தொழிற்சாலையையும் எப்படித் தொடும்? இதைப் புரிந்துகொள்ள ராக்கெட்டையும் விண்வெளி வீரர்களையும் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டுக் கடிகாரத்திலிருந்து தொடங்க வேண்டும்.

வானிலிருந்து வருவது நேரம்தான்

ஜிபிஎஸ் செயற்கைக்கோளுக்கு நீங்கள் இருக்கும் இடம் தெரியாது. உங்கள் கைபேசி அதனிடம் எதையும் கேட்பதும் இல்லை. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டு அது இடைவிடாமல் சொல்வதெல்லாம் இரண்டே செய்திகள்: "இப்போது மணி இது, நான் இருக்கும் இடம் இது." கணக்குப் போடுவது உங்கள் கையில் உள்ள ஏற்பி, அதாவது அந்த அலையை வாங்கும் கருவி.

மின்னலைப் பார்த்து, இடி கேட்கும்வரை நொடிகளை எண்ணி, எவ்வளவு தூரத்தில் விழுந்தது என்று சொல்வோம் அல்லவா? கணக்கு அதேதான். ஒலிக்குப் பதில் இங்கே ஒளி வேகத்தில் ஓடும் வானொலி அலை. அதனால் எண்ணவேண்டியவை நொடிகள் அல்ல, நொடியின் மிக நுண்ணிய துண்டுகள். அலை ஒரு மைக்ரோ நொடியில், அதாவது பத்து லட்சத்தில் ஒரு நொடியில், 300 மீட்டர் ஓடிவிடும். ஒரு நானோ நொடியில் 30 சென்டிமீட்டர். கடிகாரம் ஒரு மைக்ரோ நொடி தவறினால் ஜார்ஜ்டவுன் படகுத்துறையில் நிற்பவர் நடுக்கடலில் நிற்பதாகக் கணக்கு வரும்.

கணக்கின் படிகள் இவை:

1. ஒரு செயற்கைக்கோளிலிருந்து அலை வந்துசேர எடுத்த நேரம் தெரிந்தால், அதிலிருந்து நாம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்பது மட்டும் தெரியும். அந்தத் தூரத்தில் எத்தனையோ புள்ளிகள் உண்டு.
2. மூன்று செயற்கைக்கோள்களின் தூரங்கள் சேர்ந்தால் புள்ளி ஒன்றாகச் சுருங்கும்.
3. ஆனால் கைபேசிக்குள் இருப்பது மலிவான குவார்ட்ஸ் கடிகாரம். அதன் நேரத்தை நம்ப முடியாது. ஆகவே அந்தப் பிழையையும் கண்டுபிடிக்க நான்காவது செயற்கைக்கோள் வேண்டும்.

மூன்றாவது படியில்தான் விஷயமே இருக்கிறது. இடத்தைக் கண்டுபிடிக்கும் அதே கணக்கில், ஏற்பியின் கடிகாரம் செயற்கைக்கோளில் உள்ள அணுக் கடிகாரத்தோடு சரிசெய்யப்பட்டு விடுகிறது. உலகம் முழுவதும், கட்டணமில்லாமல், நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கைவிடவும் நுண்மையாக எல்லாரும் ஒரே மணி பார்க்க முடிகிறது. விண்வெளித் தொழில்நுட்பம் தரைக்குத் தந்ததில் மிகப் பெரியது இதுதான் என்பது என் கணிப்பு. வரைபடத்தில் நகரும் நீலப் புள்ளி அதன் பயன்களில் ஒன்று, அவ்வளவே.

அந்தக் கடிகாரங்களைச் சரியாக ஓட்டுவது எளிதன்று. உயரத்தில் ஈர்ப்பு குறைவு என்பதால் அங்குள்ள கடிகாரம் நாளுக்குச் சுமார் 45 மைக்ரோ நொடி வேகமாக ஓடும். செயற்கைக்கோள் விரைந்து செல்வதால் 7 மைக்ரோ நொடி மெதுவாகும். மிஞ்சும் 38 மைக்ரோ நொடியைத் திருத்தாமல் விட்டால், ஒரே நாளில் பத்து கிலோமீட்டருக்கு மேல் பிழை சேர்ந்துவிடும். ஐன்ஸ்டைனின் சார்பியல் கொள்கை அன்றாடக் கூலிவேலை செய்யும் இடம் இது.

ஜிபிஎஸ் அமெரிக்க ராணுவத்தின் சொத்து. 1983 செப்டம்பர் 1 அன்று வழி தவறி சோவியத் வான்பரப்புக்குள் நுழைந்த கொரியப் பயணிகள் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்ட பிறகே, பொதுமக்களும் இதைப் பயன்படுத்தலாம் என்று அதிபர் ரீகனின் அரசு அறிவித்தது. அப்போதும் வேண்டுமென்றே பிழை கலந்த அலைதான் கிடைத்தது. 2000 மே மாதத் தொடக்கத்தில் அந்தப் பிழை நீக்கப்பட்டது. இன்று ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகியவையும் வானில் இருக்கின்றன. புதிய கைபேசிகள் நான்கையும் கேட்கின்றன. பேச்சில் எல்லாவற்றுக்கும் ஜிபிஎஸ் என்ற பெயரே ஒட்டிக்கொண்டது. இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

கப்பல் தன்னைப் பற்றித் தானே சொல்வது

இணையத்தில் கப்பல்களைக் காட்டும் வரைபடத்தைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஒன்றைத் தவறாக நினைக்கிறார்கள்: செயற்கைக்கோள் மேலிருந்து கப்பலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று. அப்படியில்லை. அந்தப் புள்ளி, கப்பல் தன்னைப் பற்றித் தானே சொன்ன செய்தி.

அந்த ஏற்பாட்டின் பெயர் ஏஐஎஸ், அதாவது தானியங்கி அடையாள முறை. பன்னாட்டுப் பயணம் செய்யும் 300 டன்னேஜுக்கு மேற்பட்ட கப்பல்களில் இது 2004 இறுதிக்குள் கட்டாயமாக்கப்பட்டது. வேலை செய்யும் விதம் எளியது. கப்பலின் ஜிபிஎஸ் ஏற்பி இடத்தையும் வேகத்தையும் கணக்கிடுகிறது. ஏஐஎஸ் கருவி அதோடு கப்பலின் பெயர், அடையாள எண், செல்லும் திசை எல்லாம் சேர்த்துச் சில நொடிகளுக்கு ஒருமுறை சாதாரண விஎச்எஃப் வானொலியில் அறிவிக்கிறது. பக்கத்துக் கப்பலும் கரையிலுள்ள நிலையமும் அதைக் கேட்கின்றன. இந்த அலை சில பத்துக் கடல் மைல் தூரமே எட்டும் என்பதால் நடுக்கடலில் கேட்பதற்கு ஆள் இல்லை. அங்கே தாழ்வாகப் பறக்கும் செயற்கைக்கோள்கள் மேலிருந்து கேட்டுத் தரைக்கு அனுப்புகின்றன.

இதனால் வந்த பயன் துறைமுகத்தில்தான் தெளிவாகத் தெரியும். கப்பல் எப்போது வரும் என்பது முன்பு கேப்டன் அனுப்பும் தந்தியைப் பொறுத்தது. இப்போது கிள்ளான் துறைமுகமோ பட்டர்வொர்த் கொள்கலன் முனையமோ நாட்கணக்கில் முன்கூட்டியே வருகையைக் கணித்து, எந்தக் கப்பலுக்கு எந்தத் துறைமேடை, எத்தனை பாரந்தூக்கி, எத்தனை லோரி என்று திட்டமிட முடிகிறது. இடம் காலியில்லை என்று தெரிந்த கப்பல் விரைந்து வந்து நங்கூரம் போட்டுக் காத்திருப்பதைவிட, வழியிலேயே மெதுவாக வரலாம். வேகத்தைச் சற்றுக் குறைத்தாலே எரிபொருள் செலவு பெருமளவு குறையும். முனையத்துக்குள் கொள்கலன்களை அடுக்கும் வாகனங்களுக்குச் சில சென்டிமீட்டர் துல்லியம் வேண்டும். அதற்கு, இடம் துல்லியமாகத் தெரிந்த தரை நிலையம் ஒன்று ஜிபிஎஸ் பிழையை அளந்து திருத்தம் அனுப்பிக்கொண்டே இருக்கும். இத்தகைய நிலையங்களின் வலைப்பின்னலை இங்கே நில அளவைத் துறையான ஜுபெம் நடத்துகிறது.

கப்பல் தானே சொல்வது என்பதுதான் இதன் பலவீனமும். சொல்லாமல் இருக்கலாம், பொய்யும் சொல்லலாம். 2024 ஜூலை 19 அன்று பெட்ரா பிராங்காவுக்கு வடகிழக்கே ஹாஃப்னியா நைல், சிரஸ் ஒன் என்ற எண்ணெய்க் கப்பல்கள் மோதித் தீப்பற்றின. மோதிய பிறகு சிரஸ் ஒன் அந்த இடத்தை விட்டு நகர்ந்தது. இரண்டு நாள் கழித்து மலேசியக் கடல்சார் அமலாக்க நிறுவனம் அதைப் பிடித்தபோது, கப்பல் தன் அடையாளக் கருவியை அணைத்திருந்ததாக நம்பப்படுகிறது என்றது. தடைவிதிக்கப்பட்ட எண்ணெயை நடுக்கடலில் கைமாற்றும் கப்பல்கள் இப்படி இருட்டில் நடமாடுவது நம் கிழக்குக் கரைக்குப் பழகிப்போன தலைவலி.

இதற்கு மருந்தும் வானில்தான் இருக்கிறது. ரேடார் செயற்கைக்கோள் தானே அலை அனுப்பி எதிரொலியை வாங்குவதால் இரவும் மேகமும் அதற்குத் தடையில்லை. மேகம் விலகாத நம் வானத்துக்கு இது பெரிய வரம். அந்தப் படத்தில் தெரியும் இரும்பு உடல்களை ஏஐஎஸ் பட்டியலோடு ஒப்பிட்டால், பெயர் சொல்லாமல் நிற்பது எது என்று பிடிபடும்.

எம்எச்370: ஒரே ஒரு தூரம் மட்டும் தெரிந்தபோது

நேரத்திலிருந்து தூரம், தூரத்திலிருந்து இடம் என்ற கணக்கை மலேசியர்கள் மிகக் கசப்பான வழியில் கற்றார்கள். 2014 மார்ச் 8 அதிகாலையில் கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங்குக்கு 239 பேருடன் புறப்பட்ட விமானம் 1:21 மணிக்குப் போக்குவரத்து ரேடாரிலிருந்து மறைந்தது. ராணுவ ரேடாரில் அது பினாங்குக்குத் தெற்கே வளைந்து, மலாக்கா நீரிணை வழியே வடமேற்காகச் சென்று, 2:22 மணிக்குக் கடைசியாகத் தென்பட்டது.

அதன் பிறகும் இன்மார்சாட் செயற்கைக்கோள் ஏறக்குறைய மணிக்கு ஒருமுறை "இருக்கிறாயா?" என்று கேட்டதற்கு விமானத்தின் கருவி தானாகவே பதில் சொல்லிக்கொண்டிருந்தது. கடைசிச் செய்தி காலை 8:19 மணிக்கு. அந்தப் பதில்களில் இடம் இல்லை. ஆனால் கேள்விக்கும் பதிலுக்கும் இடைப்பட்ட நேரம் பதிவாகியிருந்தது. நேரம் இருந்தால் தூரம் உண்டு. எனவே ஒவ்வொரு பதிலுக்கும் பூமியின்மேல் ஒரு வட்டம் வரைய முடிந்தது. ஏழாவது வளைவு என்று செய்திகளில் வந்தது அந்தக் கடைசி வட்டத்தின் ஒரு பகுதி. தெற்கா வடக்கா என்பதை அலையின் அதிர்வெண் மாற்றம் காட்டியது. வளைவின் எந்தப் புள்ளி என்பதை ஒற்றைச் செயற்கைக்கோளால் சொல்ல முடியாது. நான்கு வேண்டும் என்று மேலே சொன்னதன் முழு எடையும் இந்தத் தேடலில் தெரிந்தது.

அந்த இழப்பு விதிகளை மாற்றியது. 2015-இல் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம், விமானங்கள் தம் இருப்பிடத்தை அறிவிக்கும் 1090 மெகாஹெர்ட்ஸ் அலையைச் செயற்கைக்கோள்களும் கேட்பதற்கு இடம் ஒதுக்கியது. 2018 நவம்பர் முதல், கடல்மேல் பறக்கும் பெரிய விமானங்களை 15 நிமிடத்துக்கு ஒருமுறையாவது கண்காணிக்க வேண்டும் என்ற விதி அமலானது. இரிடியம் நிறுவனத்தின் 66 செயற்கைக்கோள்களில் ஏறிய ஏரியான் கருவிகள், ரேடார் எட்டாத பெருங்கடல்களின் மேலும் விமானங்களைக் கேட்கின்றன. இந்தச் சேவைக்கு முதலில் ஒப்பந்தம் செய்த விமான நிறுவனம் மலேசியா ஏர்லைன்ஸ்.

பஸ்ஸில் பொருத்திய கருவி பிரேக் போடாது

2025 ஜூன் 9 அன்று கெரிக் அருகே பஸ் கவிழ்ந்து சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் இறந்த பிறகு, ஜிபிஎஸ், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி என்ற இரண்டு சொற்களும் செய்திகளில் சேர்ந்தே வந்தன. இரண்டும் ஒன்று என்று பலர் எண்ணிக்கொண்டார்கள். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இயந்திரத்தோடு பேசுகிறது. குறித்த வேகத்துக்கு மேல் போக விடாது. ஜிபிஎஸ் கருவி வேகத்தை அளந்து அலுவலகத்துக்குச் சொல்கிறது. அதற்கு மேல் ஒன்றும் செய்யாது. அலுவலகத்தில் திரையைப் பார்க்க ஆள் இல்லை என்றால், அல்லது பார்த்தும் ஓட்டுநருக்கு எச்சரிக்கை போகவில்லை என்றால், விபத்துக்குப் பிறகு விசாரணைக்கு உதவும் பதிவேடாக மட்டும் அது மிஞ்சும். வானத்துத் துல்லியத்துக்கும் தரையிலுள்ள ஒழுங்குக்கும் இடையே உள்ள தூரத்தை எந்தச் செயற்கைக்கோளும் அளக்காது.

கோலாலம்பூர் வாசிகளுக்கு இன்னொரு சந்தேகம் உண்டு: அழைத்த கார் ஏன் சாலையின் எதிர்ப்பக்கம் வந்து நிற்கிறது? புக்கிட் பிந்தாங் போன்ற இடங்களில் அலை நேராக வராமல் உயர்ந்த கட்டடங்களின் கண்ணாடிச் சுவரில் பட்டுத் திரும்பி வருகிறது. பயணம் நீளும்போது நேரம் கூடுகிறது. நேரம் கூடினால் தூரம் தவறாகிறது. ஸ்மார்ட் சுரங்கச் சாலைக்குள் அலையே கிடையாது. அங்கே கைபேசி கடைசி வேகத்தையும் தன் அசைவு உணரிகளையும் வைத்து ஊகிக்கிறது.

தொழிற்சாலைக்குள் விண்வெளி

விண்வெளியால் தொழிற்சாலைக்கு என்ன லாபம் என்று கேட்டால் டெஃப்ளான், வெல்க்ரோ என்று ஒப்பிப்பவர்கள் உண்டு. டெஃப்ளான் 1938-இல் கண்டுபிடிக்கப்பட்டது. நாசா தொடங்கியது 1958-இல். வெல்க்ரோவும் ஐரோப்பியக் கண்டுபிடிப்பே. உண்மையான கதை பினாங்குக்கு இன்னும் நெருக்கமானது.

1960-களின் தொடக்கத்தில் சிலிக்கான் சில்லு விலை கூடிய, சந்தேகத்துக்குரிய பொருளாக இருந்தது. அப்போலோ விண்கலத்தின் வழிகாட்டுக் கணினியை முழுக்கச் சில்லுகளால் கட்டுவது என்று எம்ஐடி பொறியாளர்கள் முடிவெடுத்தார்கள். 1963-இல் அமெரிக்காவில் உற்பத்தியான சில்லுகளில் 60 விழுக்காடு அந்தத் திட்டத்துக்கே போனதாகச் சொல்லப்படுவதுண்டு. அந்தச் சில்லு வகையை உருவாக்கியது ஃபேர்சைல்ட் நிறுவனம். அதிலிருந்து 1968-இல் வெளியேறிய ராபர்ட் நாய்ஸும் கோர்டன் மூரும் தொடங்கியது இன்டெல். இன்டெல் தன் முதல் கடல்கடந்த ஆலையை 1972-இல் திறந்த இடம் பினாங்கு. பாயான் லெப்பாஸ் ஆலைகளின் தலைமுறைக் கதை இங்கிருந்துதான் விரிகிறது.

பணத்தோடு பழக்கமும் வந்தது. நிலவுக்குப் போகும் கருவியைப் பழுதுபார்க்க ஆள் அனுப்ப முடியாது. எனவே ஒவ்வொரு சில்லையும் சூட்டில் வாட்டி, குளிரில் போட்டு, குலுக்கி, பலவீனமானதை முன்கூட்டியே சாகவைத்துக் கழிக்கும் சோதனை முறைகளை ராணுவமும் விண்வெளித் துறையும் வகுத்தன. சோதனையும் உறையிடலும்தான் பினாங்கின் பிழைப்பு. கார்களில் போகும் சில்லுகளுக்கு இன்று அங்கே நடக்கும் சூட்டுச் சோதனை அந்த வழிவந்ததே.

உணவு ஆலைகளில் இந்த உறவு இன்னும் நேரடியானது. விண்வெளி வீரருக்கு வயிற்றுப்போக்கு வரக்கூடாது. முடிந்த உணவைப் பரிசோதித்தே பாதுகாப்பை உறுதிசெய்ய முயன்றால், தயாரித்ததில் பெரும்பகுதி பரிசோதனைக்கே போய்விடும். 1960-களில் பில்ஸ்பரி நிறுவனம் நாசாவோடும் அமெரிக்க ராணுவ ஆய்வகத்தோடும் சேர்ந்து வேறு வழி கண்டது: எந்தக் கட்டத்தில் கிருமி புகலாம் என்று முதலில் கண்டுபிடித்து, அந்தக் கட்டத்தில் சூட்டையும் நேரத்தையும் காவல் காப்பது. எச்ஏசிசிபி என்ற பெயரில் இறால் ஏற்றுமதி ஆலையின் சுவரில் சட்டமிட்டுத் தொங்கும் சான்றிதழ் அதுதான்.

எங்கே உடையும்

இவ்வளவும் நிற்பது மெல்லிய ஓர் அலையின்மேல். தரையை எட்டும்போது ஜிபிஎஸ் அலையின் வலு, ஒரு வாட்டை நூறு கோடி கோடியாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்கின் அளவு. அதைக் கெடுப்பவை நான்கு:

1. ஜாமிங். அதே அலைவரிசையில் இரைச்சல் போட்டு அடைப்பது. ஏற்பி குருடாகும், ஆனால் குருடானது அதற்கே தெரியும், எச்சரிக்கும்.
2. ஸ்பூஃபிங். பொய்யான நேரத்தைச் சொல்லும் போலி அலை. ஏற்பி ஏமாந்தது அதற்கே தெரியாது. 2017 ஜூனில் கருங்கடலில் இருபதுக்கும் மேற்பட்ட கப்பல்கள் தாம் ஒரு விமான நிலையத்தில் நிற்பதாக நம்பின. இரண்டில் இதுவே ஆபத்தானது. பொய்யான இடம் ஏஐஎஸ் வழியாகப் பக்கத்துக் கப்பலின் திரைக்கும் போகும்.
3. அயனி மண்டலம். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உயரத்தில் சூரிய ஒளி காற்றை மின்னேற்றம் செய்த அடுக்கு இது. கடக்கும் அலையைத் தாமதப்படுத்தும். மலேசியா காந்த நடுக்கோட்டுக்கு அருகே இருப்பதால், சூரியன் மறைந்த பின் சில மணி நேரம் இந்த அடுக்கில் குமிழிகள் எழுந்து அலையைச் சிதறடிக்கும். ஐரோப்பாவுக்கு எழுதிய திருத்தக் கணக்கு இங்கே அப்படியே செல்லாது. 2022-இல் ஏவப்பட்ட நம் மீசாட்-3டி செயற்கைக்கோள் சுமப்பது கொரியாவுக்கான ஜிபிஎஸ் திருத்தக் கருவியை என்பது யோசிக்கத்தக்க வேடிக்கை.
4. மனிதப் பிழை. 2016 ஜனவரி 26 அன்று பழைய ஜிபிஎஸ் செயற்கைக்கோள் ஒன்றை ஓய்வுபெறச் செய்தபோது, பொது நேரத்தில் 13 மைக்ரோ நொடி பிழை புகுந்தது. இடக் கணக்குக்கான கடிகாரங்கள் கெடாததால் வரைபடத்தில் எவருக்கும் இடம் மாறவில்லை. ஆனால் பல நாடுகளில் தொலைத்தொடர்புக் கருவிகள் அலறின. பிரிட்டனில் டிஜிட்டல் வானொலி தடுமாறியது.

நான்காவதன் பொருளை விளக்க வேண்டும். மலேசியாவின் 5ஜி பயன்படுத்தும் 3.5 கிகாஹெர்ட்ஸ் அலையில் கோபுரம் அனுப்புவதும் கைபேசி அனுப்புவதும் மாறி மாறி நடக்கும். அக்கம்பக்கத்துக் கோபுரங்கள் பொது நேரத்திலிருந்து 1.5 மைக்ரோ நொடிக்குமேல் விலகினால் ஒன்றின் பேச்சு மற்றொன்றின் காதில் விழும். ஆலைகளின் கருவிகளும் கிடங்கு வண்டிகளும் கைபேசி வலையில் ஏற ஏற, அவையும் இந்த நேரத்தையே நம்பி ஓடும்.

நீரிணை இந்த விஷயத்தில் கொஞ்சம் அதிர்ஷ்டசாலி. 1998 முதல் அங்கே கப்பல்கள் தம் வருகையைக் கரை நிலையங்களுக்கு அறிவிக்கும் கட்டாய முறை இருக்கிறது. கரையில் ரேடார்களும் இருக்கின்றன. ரேடார் கப்பல் சொல்வதைக் கேட்பதில்லை, தானே பார்க்கிறது. கப்பலிலும் ரேடாரும் கண்ணும் கலங்கரை விளக்கமும் மீதம் உண்டு. நேரத்துக்கு அப்படிக் கண்ணால் பார்த்துச் சரிசெய்யும் மாற்று கிடையாது. மலேசியத் திட்ட நேரத்தை நம் தேசிய அளவியல் கழகம் தன் சொந்த அணுக் கடிகாரங்களால் பேணிவருகிறது. அதை மைக்ரோ நொடி துல்லியம் கெடாமல் ஒவ்வொரு கோபுரத்துக்கும் ஆலைக்கும் கொண்டுசேர்க்கக் கண்ணாடியிழைக் கம்பி வழி வேண்டும். வானிலிருந்து அலை நின்றுபோனால், நல்ல குவார்ட்ஸ் கடிகாரம் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும். விலை கூடிய ருபீடியம் கடிகாரம் ஒரு நாள் அளவுக்குத் தாங்கும். எந்தக் கோபுரத்தில் எதைப் பொருத்துவது, அந்தச் செலவை யார் ஏற்பது என்பது தொலைத்தொடர்பு நிறுவனங்களின் கொள்முதல் பட்டியலில் முடிவாகும் விஷயம்.